பென்னிகுயிக்: ஓர் அரிய குடும்பப் பெயரின் ஊரும் வழியும்

பென்னிகுயிக் என்ற குடும்பப் பெயர் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில், பென்ட்லாந்து மலைகளின் அடிவாரத்தில், வடக்கு எஸ்க் என்னும் சிற்றாற்றின் கரையில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. 1709இல் தொடங்கிய காகித ஆலைத் தொழிலால் பிற்காலத்தில் பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ளவர்கள் ஊரின் பெயரைப் ‘பெனிகுக்’ என்றே சொல்கிறார்கள். எழுத்தில் இருக்கும் ‘யி’யோ ‘வி’யோ அவர்கள் நாவில் ஏறுவதில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய குடும்பத்தாரும் தங்களை ஏறக்குறைய ‘பென்னிகுக்’ என்றே சொல்லிக்கொண்டார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கால் தமிழ்நாடு அறிந்த இந்தப் பெயர், இங்கே காதுவழி வந்ததைவிடக் காகிதவழி வந்தது அதிகம். அரசாணைகளிலும் கல்வெட்டுகளிலும் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒலித்துப் படித்ததில் பென்னிகுயிக் என்றும் பென்னிகுவிக் என்றும் இரண்டு வடிவங்கள் இங்கே நிலைத்துவிட்டன. இரண்டையும் தவறு என்று தள்ள முடியாது. ஐரோப்பியர் ‘தூத்துக்குடி’யை ‘டூட்டிகோரின்’ ஆக்கியதை நினைத்தால், இது சிறிய மாற்றமே.

ஊர்ப்பெயர் ஆங்கிலச் சொல் அல்ல. தென் ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் வேர்விடுவதற்கு முன் அங்கே பேசப்பட்ட மொழி பிரித்தானியக் கெல்டிக். இன்றைய வெல்ஷ் மொழி அதன் நெருங்கிய உறவு. அந்த மொழியில் ‘பென்’ என்றால் தலை, முகடு. ‘கோக்’ என்றால் குயில். ‘பென் இ கோக்’ என்பது குயில் முகடு. பென்ரித், பென்சான்ஸ் போன்ற ஊர்களின் முன்பாதியிலும் இதே ‘பென்’தான் இருக்கிறது. அந்த நாட்டுக் குயிலும் நம் ஊர்க் குயிலும் வேறு வேறு இனம். குரலும் வேறு. ஆனால் ஒரே பறவைக் குடும்பம். பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் வழக்கமும் இரண்டுக்கும் பொது. ‘குயிக்’கில் ‘குயில்’ கேட்கிறதே என்று யாரும் தமிழ்வேர் தேடிப் புறப்பட வேண்டியதில்லை. அது தற்செயலான ஒலியொற்றுமை.

பிரிட்டனில் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் உண்டாயின: தந்தையின் பெயரால், தொழிலால், உடல் அல்லது குணத்தைக் குறித்த பட்டப்பெயரால், ஊரால். ஜான்சன், ஸ்மித் போன்றவை முதல் இரண்டு வகை. அவை எங்கும் உண்டானதால் எங்கும் பரவிக் கிடக்கின்றன. கொல்லன் இல்லாத ஊர் ஏது? ஊரால் வந்த பெயர்களின் கதை வேறு. அந்த ஊர் ஒன்றுதான் இருக்கும். அதுவும் சிற்றூராக இருந்தால் பெயர் பிறப்பதற்கு ஒரே ஒரு இடம்தான். அரிய பெயர்களில் பெரும்பங்கு இந்த வகையில் வருவதன் காரணம் இதுவே.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஊர்ப்பெயர் அந்த ஊரிலேயே இருப்பவருக்கு ஒட்டாது. வெளியேறியவருக்கே ஒட்டும். மதுரையை அடுத்த கப்பலூரில் பிறந்து கப்பலூரிலேயே இருப்பவரை அந்த ஊரில் யாரும் ‘கப்பலூர்க்காரர்’ என்று அழைப்பதில்லை. அழைத்தால் யாரைச் சொல்கிறார்கள் என்று விளங்காது. அதே கப்பலூரில் பிறந்த பெண் உசிலம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனால், முதல் வாரத்திலேயே அவள் அந்தத் தெருவுக்குக் ‘கப்பலூர்க்காரி’ ஆகிவிடுகிறாள். இயற்பெயர் பலருக்குத் தெரியாமலே போகும். ஸ்காட்லாந்தின் பெனிகுக்கிலிருந்து எடின்பரோவுக்கோ ஃபைஃபுக்கோ பிழைக்கப் போனவர் அங்கே ‘பெனிகுக் ஜான்’ ஆனதும் இதே முறையில்தான். வேறுபாடு அதன் பிறகு வருகிறது. கப்பலூர்க்காரியின் பிள்ளைகளுக்கு அந்த அடை தொடர்வதில்லை. ஸ்காட்லாந்தில் அது பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடர்ந்து, சில தலைமுறைகளில் குடும்பப் பெயராக உறைந்தது. இங்கிலாந்தில் இந்த உறைதல் பெரும்பாலும் 12 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் நடந்தது. ஸ்காட்லாந்தின் சமவெளியில் சற்றுப் பிந்தியது. அதன் வடக்கு மலைப்பகுதியில் 18ஆம் நூற்றாண்டு வரைகூட இழுத்தது.

நிலவுடைமையாளர்கள் இந்த விதிக்கு விலக்கு. ஊரை விட்டு நகராமலே அவர்கள் ஊரின் பெயரைச் சூடிக்கொண்டார்கள். ஊர் அவர்களுடையது என்பதற்கு அந்தப் பெயரே பட்டயம். பெனிகுக்கிலும் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. அந்த நிலத்துக்கு ஒரு விசித்திரமான கடப்பாடு உண்டு. அரசர் எடின்பரோவுக்கு அருகிலுள்ள பொதுநிலத்தில் வேட்டையாட வரும்போது, பெனிகுக் நிலத்தின் உரிமையாளர் ‘பக்ஸ்டேன்’ என்ற கல்லின்மேல் நின்று மூன்று முறை கொம்பூத வேண்டும். அவர் கொடுக்க வேண்டிய குத்தகை அவ்வளவுதான். பிற்காலத்தில் நிலத்தை வாங்கிய குடும்பம் தன் மரபுச் சின்னத்தில் ‘ஊதினால் விடுதலை’ என்ற பொருள்படும் வாசகத்தையே பொறித்துக்கொண்டது.

நிலத்தை வாங்கிய அந்தக் குடும்பம் கிளார்க் குடும்பம். பாரிஸில் வணிகம் செய்து பொருள் சேர்த்த ஜான் கிளார்க், 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த நிலத்துக்கு உடைமையாளர் ஆனார். அப்போதிலிருந்து பெனிகுக்கில் செல்வாக்குடையவர்கள் கிளார்க்குகள். பழைய பெயரைத் தாங்கியவர்கள் அங்கே நிலமற்றவர்கள். மின்காந்தவியலின் தந்தையெனப் போற்றப்படும் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இந்தக் கிளார்க் மரபில் வந்தவர். அவருடைய தந்தை பெனிகுக் கிளார்க் குடும்பத்தில் பிறந்து, இன்னொரு பண்ணை உரிமையாக வந்தபோது அதற்காக மேக்ஸ்வெல் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். நிலமும் பெயரும் அங்கே எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தன என்பதற்கு இது நல்ல சான்று. நிலம் கைமாறினால் பெயர் கூடும். சிலவேளை மாறவும் செய்யும்.

ஊரை இழந்த பெயர் அக்கம்பக்கத்தில் சிலகாலம் ஒளிவிட்டது. அருகிலுள்ள நியூஹால் பண்ணையில் வாழ்ந்த மருத்துவர் அலெக்சாண்டர் பென்னிகுக் (1652–1722) கவிஞராகவும் அறியப்பட்டவர். ட்வீட்டேல் வட்டாரத்தின் ஊர்கள், செடிகொடிகள் பற்றி அவர் எழுதிய நூல் 1715இல் வெளிவந்தது. அவர் காலத்திலேயே எடின்பரோவில் இன்னொரு அலெக்சாண்டர் பென்னிகுக் இருந்தார், அவரும் கவிஞர், 1730இல் இறந்தார். இருவரையும் ஒருவராகக் கொண்டு குழம்பிய எழுத்தாளர்கள் உண்டு. அரிய பெயர் என்றால் அடையாளம் காண்பது எளிது என்று நினைப்பது எப்போதும் சரியாக இருப்பதில்லை. அரிய பெயருள்ள குடும்பங்களில் ஒரே முதற்பெயரைத் திரும்பத் திரும்ப வைக்கும் பழக்கம் சேர்ந்துகொண்டால் குழப்பம் இரட்டிக்கும். அணை கட்டியவரின் குடும்பத்திலும் அது நடந்தது: தந்தை ஜான், மகன் ஜான், பேரன் ஜான்.

இந்தப் பெயர் ஏன் அரிதாகவே இருந்துவிட்டது என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். பிறந்த இடம் ஒன்றே என்பதும் அது சிறியது என்பதும் முதலாவது. இரண்டாவது, குடும்பப் பெயர் ஆண்வழியில் மட்டும் இறங்குவது. 1873இல் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஒரு புதிரை அச்சில் எழுப்பினார்: புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் ஏன் அற்றுப்போகின்றன? ஹென்றி வாட்சன் என்ற கணித அறிஞரான பாதிரியார் விடை காண முயன்றார்; இருவரும் சேர்ந்து 1874இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவருக்கு மகன் இல்லாமல் போகலாம்; ஒருவருக்கு ஒரு மகன், இன்னொருவருக்கு நால்வர் இருக்கலாம். தலைமுறைதோறும் இந்தச் சீட்டைக் குலுக்கினால், சிலர் மட்டுமே தொடக்கத்தில் தாங்கிய பெயர் சில தலைமுறைகளில் மறைந்துபோக வாய்ப்பு மிக அதிகம். வாட்சன் ஒருபடி மேலே போய் எந்தப் பெயரும் கட்டாயம் அழியும் என்று முடித்துவிட்டார். அந்தப் பிழையைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் கால்டன்–வாட்சன் முறை இன்றுவரை நிலைத்திருக்கிறது. அணுக்கருத் தொடர்வினையைக் கணக்கிடவும் அதே முறை பயன்பட்டது. அணை கட்டிய ஜான் பென்னிகுயிக்குக்கு ஐந்து மகள்கள், ஒரே மகன். குடும்பத்தில் பிள்ளைகள் ஆறு பேர் இருந்தும், பெயர் இறங்கிச் செல்ல இருந்த வழி ஒன்றுதான்.

மூன்றாவது காரணம் எழுத்துக்கூட்டல். தேவாலயப் பதிவேட்டில் பெயரை எழுதியவர் பாதிரியார். படைப்பட்டியலில் எழுதியவர் எழுத்தர். சொன்னவர் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆகவே ஒரே பெயர் பென்னிகுக், பென்னிகுயிக், பெனிக்யுக், பென்னிகூக் எனப் பல உருவங்களில் ஏடேறியது. ஒரே தந்தையின் பிள்ளைகள் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் பதிவானதும் உண்டு. இங்கிலாந்தில் 1837 முதலும், ஸ்காட்லாந்தில் 1855 முதலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யத் தொடங்கியபின் இந்த அலைச்சல் அடங்கியது. அப்போது எவருடைய கையில் எந்த எழுத்துக்கூட்டல் இருந்ததோ அதுவே வழித்தோன்றல்களுக்கு நிலையானது. விளைவாக, ஒன்றாகச் சேர்த்தால் ஓரளவு கணிசமாக இருந்திருக்கக்கூடிய பெயர் பல துண்டுகளாகிவிட்டது. ஒலிப்படி எழுதப்படும் ‘பென்னிகுக்’ வடிவமே இன்று அதிகம். ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியும் நடுப்பகுதியும் அதன் தாயகம். அங்கிருந்து இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கும் போயிருக்கிறது. ஆங்கிலம் உலகமொழி ஆனதன் அரசியலை ஆராய்ந்த மொழியியலாளர் அலஸ்டெர் பென்னிகுக் அந்த வடிவத்தைத் தாங்கியவர். முல்லைப் பெரியாறு அறிந்த வடிவம் அதைவிட அரியது.

அந்த அரிய வடிவத்தைத் தாங்கிய குடும்பத்தின் வழி படைவழி. அணை கட்டியவரின் தந்தை, பெர்த்ஷயரைச் சேர்ந்த ஜான் பென்னிகுயிக், பிரிட்டிஷ் தரைப்படையில் சேர்ந்து, ஜாவாவிலும் ஆப்கானியப் போரிலும் பங்கெடுத்து, பிரிகேடியர் ஆனார். 1849 ஜனவரி 13 அன்று, இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள சிலியன்வாலாவில் சீக்கியப் படையுடன் நடந்த போரில் அவர் இறந்தார். அதே படைப்பிரிவில் இளம் அதிகாரியாக இருந்த அவருடைய மகன் அலெக்சாண்டர், தந்தையின் உடலைக் காக்க நின்று அதே நாளில் கொல்லப்பட்டார். ஒரே பொழுதில் பெயரைத் தாங்கிய இருவர் போனார்கள். கால்டனின் புதிருக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. குடும்பத்தில் வேறு பிள்ளைகளும் இருந்ததால் பெயர் பிழைத்தது. அவர்களில் ஒருவர் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்த ஜான். போர் நடந்தபோது அவருக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது.

இந்த ஜான் இங்கிலாந்தில் செல்டன்ஹாமிலும், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதிகாரிகளைத் தயாரித்த அடிஸ்கோம்ப் பள்ளியிலும் பயின்று, 1860இல் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்தார். மேற்கே பாய்ந்து கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்புவது பழைய எண்ணம். 1789இலேயே இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை அதற்காக ஆட்களை அனுப்பிப் பார்த்தார் என்பது பதிவாகியிருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் அந்த எண்ணத்தை அவசரமாக்கியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் மதராஸ் அரசாங்கத்துக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் பென்னிகுயிக்கின் பொறுப்பில் அணை வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் அணைநீரைத் திறந்துவைத்தார். திட்டத்தைப் பற்றிய ஆய்வுரைக்காகப் பென்னிகுயிக்குக்குப் பிரிட்டனின் பொறியாளர் கழகம் டெல்ஃபோர்டு பதக்கம் வழங்கியது. சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற செய்தி மதுரை, தேனி மாவட்டங்களில் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு ஆவணச் சான்று இதுவரை முன்வைக்கப்படவில்லை. செலவை ஏற்றது மதராஸ் அரசாங்கம். அந்தக் கதை இல்லாமலும் அவர் செய்த வேலை பெரியதுதான்.

அவர் 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் கேம்பர்லியில் காலமானார். பெயரைச் சுமந்த ஒரே மகன் ஜான் நீதித்துறைக்குப் போய், உயர்நீதிமன்ற நீதிபதியாகிச் ‘சர்’ பட்டமும் பெற்று, 1982இல் இறந்தார். பெயரின் இன்னொரு கிளையில் வந்தவர் பறவைகளின் பறத்தலை இயற்பியல் கணக்குகளால் விளக்கிய விலங்கியலாளர் காலின் பென்னிகுயிக் (1933–2019). கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி வெளியில் பிணந்தின்னிக் கழுகுகளோடு கிளைடரில் சேர்ந்து பறந்து அளவெடுத்தவர் அவர். குயில் முகட்டின் பெயரைத் தாங்கியவர் பறவையியலில் பேர் பெற்றது பொருத்தம்தான். அதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

பெயர் பரவிய கதையின் விந்தையான பகுதி வைகைப் படுகையில் நடந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகள், வணிகர்களின் பெயர்கள் மதுரையில் ஒட்டியது பெரும்பாலும் இடங்களில்தான். கோட்டையை இடித்து நகரை விரித்த ஆட்சியர் பிளாக்பர்னை நினைவுகூர எழுந்தது விளக்குத்தூண். அந்தப் பணியில் உடனிருந்தவரின் பெயரில் மாரட் வீதிகள் இருக்கின்றன. மதுரா மில்லை 1892இல் தொடங்கிய ஸ்காட்லாந்து ஹார்வி சகோதரர்களின் பெயர், திருப்பரங்குன்றத்துக்கு அருகே ஆலைத் தொழிலாளர் குடியிருப்பாக உருவான ஹார்விபட்டியில் நிற்கிறது. கப்பலூரிலிருந்து மதுரைக்குப் பழைய சாலையில் போகிறவர்கள் தினமும் கடக்கும் ஊர் அது. ஒரு வெள்ளைக்காரக் குடும்பப் பெயருக்குப் பின்னால் ‘பட்டி’ சேர்ந்து தமிழ் ஊராகிவிட்டது. பிரிட்டனில் ஹார்வி அரிய பெயர் அல்ல; 1066க்குப் பின் நார்மானியருடன் இங்கிலாந்துக்கு வந்த பிரெத்தோன் ஆட்பெயர். விளக்குத்தூண், வீதி, பட்டி என்று நின்ற இந்தப் பெயர்களை மதுரைக்காரர் எவரும் பிள்ளைக்கு வைப்பதாகக் கேள்வியில்லை.

பென்னிகுயிக் மட்டும் தொட்டிலுக்குப் போனது. கம்பம் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வைக்கும் வழக்கம் இருக்கிறது. வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் மாட்டியிருக்கும். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கல் நாளிலோ அதன் மறுநாளிலோ விழுவதால், அவருக்கென்று பொங்கல் வைப்பதும் வழக்கமாயிற்று. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. தேனியின் புதிய பேருந்து நிலையமும் அவர் பெயரைத் தாங்குகிறது. 2022இல் கேம்பர்லியிலேயே தமிழக அரசின் செலவில் சிலை எழுந்தது. இத்தனைக்கும் அடியில் இருப்பது தண்ணீர். அணைநீர் வைகைக்கு வந்து, பேரணை தாண்டிப் பெரியாறு பிரதானக் கால்வாயில் ஒருபோகமாக 85,563 ஏக்கருக்கும், திருமங்கலம் பிரதானக் கால்வாயில் 19,439 ஏக்கருக்கும் பாய வேண்டியது. கப்பலூரைச் சுற்றிய சமவெளி அந்தத் திருமங்கலம் கால்வாயின் பக்கம். கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்ற பேச்சு ஆண்டுதோறும் எழும் வட்டாரம் இது. கம்பத்தில் இருபோகம் காண்பவருக்கும் கால்வாயின் கடைசி மதகைப் பார்த்து நிற்பவருக்கும் அந்தப் பெயரின்மேல் ஒரே அளவு பிடிப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் ஆற்றின் மேற்பகுதியில் அடர்ந்து தோன்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இங்கே வந்ததும் பெயரின் இலக்கணம் மாறிவிட்டது. குடும்பம் முழுவதற்கும் பொதுவாக இருந்தது ஒருவருக்கே உரிய இயற்பெயர் ஆயிற்று. ஸ்காட்லாந்தில் அது பெரும்பாலும் பிறப்பால் வருவது. கம்பத்தில் தாத்தாவோ தகப்பனோ விரும்பினால் போதும். மதுரையில் குடும்பப் பெயர் என்பது அறியாத பொருளும் அல்ல. சௌராஷ்டிர சமூகத்தாருக்குத் தலைமுறையாகக் குடும்பப் பெயர்கள் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கு ‘இண்டி பேரு’ உண்டு. மற்றவர்களுக்குப் பங்காளி வகையறாவும் குலதெய்வமும் அந்த வேலையைச் செய்கின்றன. பெயரில் அது ஏறுவதில்லை. பெயரில் ஏறுவது தந்தையின் முதலெழுத்து மட்டும். ஆகவே பென்னிகுயிக் என்று பெயர் வைக்கப்பட்டவரின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ‘பெ.’ என்ற ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கும். பேரப்பிள்ளைகளிடம் அதுவும் இராது. எடின்பரோவின் தெற்கே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாகத் தொடரும் பெயர், இங்கே மூன்றாம் தலைமுறையில் தீர்ந்துபோகும். ஆனால் அது தீர்வது மகன்கள் இல்லாததால் அல்ல. எவரும் எப்போது வேண்டுமானாலும் புதிதாக வைத்துக்கொள்ளலாம். கால்டனின் கணக்கு இங்கே செல்லாது.

கடவுச்சீட்டு இதில் ஒரு திருப்பம் கொண்டுவந்திருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இயற்பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு. முதற்கட்டத்தை வெற்றாக விடும் தமிழர்கள் வெளிநாட்டு விசாவில் இடர்ப்படுகிறார்கள். அமெரிக்க விசாவில் அவர்களுடைய ஒரே பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், இயற்பெயரின் இடத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ என்பதன் சுருக்கம் அச்சாகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்குக் கட்டுப்பாடு விதித்து, கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கியது. இதனால் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் பழக்கம் கூடிவருகிறது. தேனி மாவட்டத்துப் பென்னிகுயிக் ஒருவரின் மகன் அப்படி எழுதிக்கொண்டு இங்கிலாந்தில் குடியேறினால், அங்கே அவர் திரு. பென்னிகுயிக், அவருடைய பிள்ளைகளும் பென்னிகுயிக்குகளே. அவர்களுக்கும் வடக்கு எஸ்க் கரையிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் இரத்த உறவு எதுவும் இராது. அந்நாட்டுக் குடும்பப் பெயர் வரைபடங்களோ எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்து எண்ணுவதால் இரு சாராரையும் ஒன்றாகவே காட்டும். ஓர் அரிய பெயரின் எண்ணிக்கை இனிமேல் எங்காவது கூடினால், கூடியது எந்தக் கிளை என்பதைப் பிறந்த ஊரைக் கேட்டே அறிய வேண்டியிருக்கும்.